புரட்டாசி அமாவாசையன்று திறக்கும் வாயில்

எங்கள் பங்குக் கோயிலின் கல்லறைத் தோட்டத்து வாயிலில் ஓர் அறிவிப்புப் பலகை உண்டு. தோட்டம் திறந்திருக்கும் நாள்கள் அதில் எழுதப்பட்டுள்ளன. ஞாயிறுதோறும், அடக்கம் நிகழும் நாள்களில், நவம்பர் இரண்டாம் நாளாகிய கல்லறைத் திருநாளில் என்று மூன்று வரிகள். அவற்றின் கீழே, பின்னாளில் சேர்க்கப்பட்டது என்பது எழுத்தின் அளவிலேயே தெரியும்படி, நான்காவதாக ஒரு வரி: புரட்டாசி அமாவாசை.

தோட்டத்தில் இடம் தீர்ந்துவிட்டமையால், வடபுறம் பேழைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் அடுக்குக் கல்லறைச் சுவர் எழுப்பப் புதிய பங்குப் பேரவையினர் முடிவு செய்துள்ளனர். பலகையும் புதிதாக எழுதப்பட இருக்கிறது. பேரவை உறுப்பினர்களுள் ஒருவர் சரவணம்பட்டியில் கணினி நிறுவனமொன்றில் பணிபுரியும் இளைஞர். அவர் சென்ற மாதம் என் இல்லத்துக்கு வந்து, "ஐயா, அந்த அமாவாசை வரி யாருங்க சேத்துனது? அது நம்ம வழக்கமே இல்லையேங்க. எடுத்துறலாங்களா?" என்று வினவினார். வாய்மொழியாகச் சொன்னால் சுருங்கிவிடும். பங்கு மலருக்கு எழுதியே தருகிறேன் என்றேன். அவர் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளலாமே என்றார். எழுதியே தருகிறேன் என்று மீண்டும் சொன்னேன்.

நான் இப்பங்கில் வேதியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். மக்கள் உபதேசியார் என்பர். நான் வேதியர் என்றே கையொப்பமிடுவது வழக்கம். தமிழிலக்கியம் பயின்றேன், ஆசிரியப் பணி வாய்க்கவில்லை, மறைமாவட்டத்தின் வேதியர் பயிற்சியில் சேர்ந்தேன். ஞாயிறு மறைக்கல்வி, நோயாளர் சந்திப்பு, திருமண அறிவிப்பு ஓலை வாசித்தல், அடக்கச் சடங்குக்கு முன்னேற்பாடு ஆகியவற்றை அங்குக் கற்றேன். அடக்கத்துக்குப் பின்னர் ஆற்ற வேண்டிய பணி ஒன்று உண்டு என்பதை எந்தப் பயிற்சியும் எனக்குச் சொல்லவில்லை. அதைக் கற்பித்தவர் எங்கள் பங்குத்தந்தையாக நெடுங்காலம் இருந்த சவரிமுத்துச் சாமி.

அவர் அன்னூருக்கு வடக்கே மானாவாரி உழவுக் குடும்பத்தில் பிறந்தவர். நெடிய உருவம், குறைந்த பேச்சு. குருமடத்தில் பல மொழி கற்றவராயினும், அவர் பேச்சில் அன்னூர்க் காட்டு மண்ணின் வாடை கடைசி வரை நீங்கவில்லை. என் செந்தமிழைக் கேட்டால் ஒரு புருவத்தை மட்டும் உயர்த்துவார். "வேதியரே, அந்தத் தமிழச் சித்த கீழ எறக்கி வெச்சுப்போட்டு வாங்க, கெழவிக்குக் காது கேக்காது" என்று ஒரு நோயாளி வீட்டு வாயிலில் அவர் சொன்னதை இன்றும் எண்ணிச் சிரிக்கிறேன். கல்லறைத் தோட்டத்துக்குள் அவர் செருப்பணிந்து சென்றதில்லை. வாயிலருகே கழற்றி, ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து வைத்துவிட்டு நடப்பார். நெருஞ்சி குத்தினாலும் குனிந்து எடுத்துவிட்டு மேலே நடப்பார்.

கல்லறைத் திருநாளின் நடைமுறை வெளியாருக்குத் தெரியாது. ஆகவே சற்று விரித்துரைக்கிறேன். ஐப்பசி மழை மண் கல்லறைகளைக் கரைத்துவிடும். ஆகவே திருநாளுக்கு முந்தைய வாரத்தில் குடும்பத்தார் வந்து மேடு கட்டுவர். செம்மண் குழைத்துப் பூசி, ஓரத்தில் சுண்ணாம்பு இழுப்பர். வசதியுள்ளோர் கருங்கல் பதித்திருப்பர். அவர்கள் கழுவித் துடைப்பதோடு சரி. இரண்டாம் நாள் காலையில் தோட்டத்தின் நடுவிலேயே திருப்பலி நடைபெறும். பின்னர் குருவானவர் ஒவ்வொரு கல்லறைக்கும் சென்று புனித நீர் தெளித்து மந்திரிப்பார். செவ்வந்தி மாலை, மெழுகுவர்த்தி, சாம்பிராணி எனத் தோட்டம் முழுவதும் ஒரே மணமும் புகையுமாக இருக்கும். வாயிலுக்கு வெளியே பொரியும் சுண்டலும் விற்பார்கள். அழுகையும் அங்கே உண்டு. உறவினர் கூடிய மகிழ்ச்சியும் உண்டு. பொழுது சாயக் கூட்டம் கலைந்துவிடும். பெரும்பாலான பங்குகளில் அத்தோடு நாள் முடிந்துவிடும்.

சவரிமுத்துச் சாமிக்கு அப்போதுதான் நாள் தொடங்கும். ஒரு கட்டு மெழுகுவர்த்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தோட்டத்தின் ஒரு மூலையிலிருந்து நடக்கத் தொடங்குவார். பின்னால் அடக்கப் பதிவேட்டோடும் குடையோடும் நான் செல்வேன். எனக்குப் பின்னால், குழி வெட்டும் பணியாளர் ஆரோக்கியம் வருவார். எந்தக் கல்லறையில் விளக்கு எரியவில்லையோ, அதன் முன் சாமி நிற்பார். நான் பதிவேட்டைப் பார்த்துப் பெயரைச் சொல்ல வேண்டும். அவர் குனிந்து, மண்ணைக் கையால் ஒதுக்கி, ஒரு மெழுகுவர்த்தியை ஊன்றி ஏற்றுவார். பின்னர் இறந்தோருக்கான இளைப்பாற்றிச் செபம்; அடுத்த கல்லறை.

முதலாண்டில் நான் பெயரை உரக்கவும் திருத்தமாகவும் வாசித்தேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

"படிக்காதீங்க வேதியரே. கூப்புடுங்க."

ஒருவர் வீட்டு வாசலில் நின்று, உள்ளே இருப்பவரை அழைப்பது போன்று அழைக்க வேண்டும் என்பது அவர் கருத்து. அழைத்துப் பழக எனக்குச் சில ஆண்டுகள் ஆயின. மழை கொட்டிய ஓராண்டில் மெழுகுவர்த்தி நிற்கவே இல்லை. அன்றும் அவர் ஒரு கல்லறையையும் விடவில்லை; ஆரோக்கியம் குடை பிடிக்க, சுடரைத் தம் இரு கைகளாலும் மறைத்து, பெயர் சொல்லி முடிக்கும் வரையேனும் எரிய வைத்தார். "சாமி, செத்தவிகளுக்குச் சளி புடிக்காது, உங்களுக்குப் புடிக்கும்" என்றார் ஆரோக்கியம். சாமி சிரித்தார், நடையை நிறுத்தவில்லை.

இந்த மாலை நடைக்கு மற்றொரு பயனும் இருந்தது. மண் கல்லறைகள் நிலையானவை அல்ல. உடல் மண்ணாகும் காலம் கடந்தபின், தொடர்ந்து சில திருநாள்களில் விளக்கேற்ற எவரும் வாராத கல்லறையை உரியவரற்றதாகக் கொண்டு, அவ்விடத்தில் வேறொருவரை அடக்கம் செய்யலாம் என்பது எங்கள் விதி. கொடுமையாகத் தோன்றலாம்; ஆயினும் நகரம் பெருக, நிலம் பெருகவில்லை. எந்தக் கல்லறை விளக்கற்றது என்பதற்குச் சாமியின் நடையே சான்று. ஆகவே அவர் கண்ணால் காணாமல் எதையும் திறக்க விட்டதில்லை.

இனி அந்த நான்காவது வரிக்கு வருகிறேன்.

மேற்குச் சுவரை ஒட்டி ஒரு மண் கல்லறை இருந்தது. பதிவேட்டில் கிளாரா என்று பெயர். பஞ்சாலைத் தொழிலாளி ஒருவரின் மனைவி. இளம் வயதில் காய்ச்சல் கண்டு இறந்தவர். கணவர் மறுமணம் செய்துகொண்டு திருப்பூர்ப் பக்கம் சென்றுவிட்டார். கடிதங்களுக்கு மறுமொழி இல்லை. விதி குறிப்பிட்ட காலம் முழுவதும் அக்கல்லறை ஒவ்வொரு திருநாளிலும் இருண்டே கிடந்தது.

அதற்கு அடுத்த கல்லறை கருங்கல் பதித்தது. அக்காலத்தில் பேரவைச் செயலராயிருந்த தேவசகாயத்தின் தந்தையாருடையது. தேவசகாயம் பீளமேட்டுப் பக்கம் வார்ப்படப் பட்டறை நடத்தி வந்தார். கோயில் மணிக்கூண்டைத் தம் செலவில் பழுது பார்த்தவர். பேச்சில் சூடு உண்டு, நெஞ்சில் வஞ்சகம் இல்லை. அவருடைய தாயார் லூர்தம்மாள் நோயுற்றுப் படுக்கையில் இருந்தார். கணவருக்குப் பக்கத்திலேயே தம்மை வைக்க வேண்டும் என்பது அந்த அம்மையாரின் ஒரே வேண்டுகோள். மகன் வாக்குக் கொடுத்திருந்தார். பக்கத்து இடம் கிளாராவின் இடம். மறுபக்கம் நடைபாதை.

அக்காலம் நிறைவுற்ற ஆண்டின் திருநாள் மாலையில் தேவசகாயமும் எங்களோடு நடந்தார். கிளாராவின் கல்லறையில் விளக்கில்லை. "பாத்துட்டீங்களேங்க சாமி. இந்த வருசமும் ஒருத்தரும் வல்ல. வேதியரு எழுதிப்போட்டாருன்னா முடிஞ்சுதுங்க" என்றார் அவர். விதிப்படி அவர் சொன்னது சரியே. நான் எழுதுகோலைத் திறந்துவிட்டேன்.

சாமி மெழுகுவர்த்தியை ஊன்றக் குனிந்தவர், குனிந்தபடியே இருந்தார். மேட்டின் மீது புல்லுக்கிடையே ஒரு சாண் உயரச் செடிகள் முளைத்திருந்தன. ஓர் இலையைக் கிள்ளி, என் குடையிலிருந்து சொட்டிய நீரை உள்ளங்கையில் ஏந்தி, அதில் வைத்துக் கசக்கினார். நீர் கொழகொழவென்று ஆயிற்று.

"எள்ளுங்க இது" என்றார்.

காற்றில் வந்திருக்கும், பறவை போட்டிருக்கும் என்றார் தேவசகாயம். சாமி கல்லறையைச் சுற்றி வந்தார். பின்னர் சுவர் வரை சென்றார். மேட்டின்மீது செடிகள் நெருக்கமாக இருந்தன. சுவரை நோக்கிச் செல்லச் செல்ல அடர்த்தி குறைந்து, விசிறி போல் குறுகிச் சுவரடியில் முடிந்தன. ஓர் உழவனின் மகன் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். எங்களுக்குச் செடி மட்டுமே தெரிந்தது. அவர் அந்தச் செடிகளை விதைத்த கையைத் தேடினார்.

அவர் விளக்கியதன் சாரம் இதுதான். பறவை போட்டால் ஓரிடத்தில் ஒன்று முளைக்கும். உள்ளே வந்து ஒருவர் வைத்தால் ஒரு குவியலாக முளைக்கும். இது சுவருக்கு வெளியே நின்று, கையை வீசித் தூவியது. செடியின் உயரத்தைப் பார்த்தால், தூவி ஒரு மாதத்துக்குக் குறையாது. ஒரு மாதத்துக்கு முன், புரட்டாசி அமாவாசை. நீத்தாருக்கு எள்ளும் நீரும் இறைக்கும் நாள். தோட்டம் அன்று பூட்டிக் கிடந்திருக்கும்.

"இந்தப் புள்ளைக்கு ஆளு இருக்குது" என்றார் சாமி. "நம்ம நாளுல வல்ல, அவ்வளவுதான். இந்தக் குழியத் தொட வேண்டாங்க."

தேவசகாயம் முகம் சிவந்தது. எங்கள் விதியில் கல்லறைத் திருநாள் என்றுதானே உள்ளது, அமாவாசை என்று எங்கே உள்ளது என்று கேட்டார். நியாயமான கேள்வி. முடிவில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அடுத்த புரட்டாசி அமாவாசை வரை அக்கல்லறையைத் திறப்பதில்லை. அன்று எவரும் வாராவிடில் இடம் லூர்தம்மாளுக்கு. அதுவரை அந்த எள்ளுச் செடிகளை, முந்தைய ஆண்டுகளில் செய்ததுபோல், களையென்று பிடுங்கக் கூடாது என்று ஆரோக்கியத்துக்குச் சாமி கட்டளையிட்டார். அதன் பின்னரே மெழுகுவர்த்தியை ஏற்றினார்.

ஆனால் மரணம் எங்கள் உடன்பாட்டுக்குக் காத்திருக்கவில்லை. ஆடி மாதத்தில் லூர்தம்மாள் காலமானார்.

என் பணிக்காலத்தின் மிகக் கடினமான நாள் அது. செய்தி கேட்டதும் சாமி, உடையைக்கூட மாற்றாமல், தேவசகாயத்தின் இல்லத்துக்கு நடந்தார். நானும் உடன் சென்றேன். கூடத்தில் உடல் கிடத்தப்பட்டிருந்தது.  செபம் முடிந்ததும் தேவசகாயம் சாமியை வாசலுக்கு அழைத்து வந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"எங்கம்மா இன்னிக்கு எங்கீங்க சாமி போவாங்க? ஆரோ வீசிப்போட்டுப் போன எள்ளுக்காக, அப்பன் பக்கத்துல எடமில்லைன்னு அவங்ககிட்ட நான் சொல்லோணுங்களா?"

 சாமி விதியைக் காட்டியிருக்கலாம், உடன்பாட்டைக் காட்டியிருக்கலாம். இரண்டையும் அவர் காட்டவில்லை. பின்னர் சொன்னார்:

"பக்கத்துல எதுக்குங்க? உங்கப்பன் குழியிலயே வெச்சுருவோம். அவரு போயி ரொம்ப வருசம் ஆச்சு. புருசனும் பொண்டாட்டியும் ஒண்ணாப் படுத்துக்கட்டும்."

அது எங்கள் வழக்கத்தில் உள்ளதே. ஆயினும், தந்தையின் கல்லறைக்குத் தேவசகாயம் விலையுயர்ந்த கருங்கல் பதித்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அதைப் பெயர்க்க வேண்டும். தந்தையின் எலும்பைத் தொட வேண்டும் என்பதே அவரை நடுங்கச் செய்தது. "கல்லு போனாப் போகுதுங்க, அப்பனத் தோண்டச் சொல்றீங்களே" என்றார். அப்போது அவருடைய தமக்கை உள்ளேயிருந்து வந்தார். அழுது சிவந்த கண்களோடு, "தம்பி, அம்மா பக்கத்துல வேணும்னுதான் கேட்டாங்க. அதவிடப் பக்கம் வேற என்ன இருக்குது?" என்றார். தேவசகாயம் தலையசைத்தார், சாமியின் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று பிற்பகல் நிகழ்ந்ததை நான் முழுமையாகப் பார்த்தேன். ஆரோக்கியம் கருங்கற்களை உடையாமல் நெம்பி எடுத்துச் சாக்கு விரித்து அடுக்கினார். மண்வெட்டியைக் குறிப்பிட்ட ஆழத்தோடு நிறுத்திவிட்டு, அதன்பின் கைகளாலேயே மண்ணை அள்ளினார். சாமி குழியின் ஓரத்தில் மண்டியிட்டு அமர்ந்து, தூய வெள்ளைத் துணியொன்றை மடியில் விரித்துக்கொண்டார். ஆரோக்கியம் எடுத்துத் தந்த ஒவ்வோர் எலும்பையும் இரு கைகளாலும் வாங்கி, மண்ணைத் துடைத்து, துணியில் வைத்தார்.  பின்னர் துணியை முடிந்து புனித நீர் தெளித்து, என்னிடம் தந்தார். ஒரு மனிதர் எவ்வளவு இலேசாகிவிடுகிறார் என்பதை என் கைகள் அன்று அறிந்தன. லூர்தம்மாளின் பேழை இறங்கியதும், அம்முடிச்சு அவர் காலடியில் வைக்கப்பட்டது. பெயர்களைச் சாமி அழைத்தார். முதலில் கணவர் பெயர், பின்னர் மனைவி பெயர். இருவரும் ஒரே வீட்டுக்குள் இருப்பதுபோல் அவர் குரல் ஒலித்தது.

புரட்டாசி அமாவாசை வந்தது. அன்று ஞாயிறும் அல்ல, அடக்கமும் இல்லை. அதிகாலையில் சாமியே வந்து வாயிலைத் திறந்து வைத்தார். நானும் ஆரோக்கியமும் உடனிருந்தோம். அழையாமலே தேவசகாயமும் வந்தார். "எதுக்காக எங்கப்பன் கல்லறையப் பேத்தேன்னு நானும் பாக்கோணுமல்லங்க" என்று சொல்லிவிட்டு, கருங்கல் மீண்டும் பதிக்கப்பட்டிருந்த பெற்றோர் கல்லறையருகே கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். எவரும் வாராமற்போனால் அவர் சாமியிடம் என்ன சொல்லியிருப்பார் என்று எண்ண எனக்கு அச்சமாயிருந்தது. வெயில் ஏறியது. பேருந்துகளின் ஒலி சத்திச் சாலையிலிருந்து வந்துகொண்டிருந்தது. வாயிலில் ஒருவரையும் காணவில்லை. ஆரோக்கியம் இருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

அப்போது மேற்குச் சுவருக்கு மேலே ஒரு கை தெரிந்தது.

சுவர் மார்பளவு உயரம். கல்லறைப் புறத்தில் நிலம் தாழ்வு. வெளியே நின்றிருந்தவர் முதிய பெண்மணி. எங்களை அவர் கவனிக்கவில்லை. பித்தளைச் செம்பிலிருந்து நீரைக் கையில் வார்த்து, எள்ளோடு சேர்த்து வீசினார். உதடுகள் அசைந்தன. எள் கிளாராவின் மேட்டில் விழுந்தது. சில தேவசகாயத்தின் கருங்கல்லிலும் விழுந்து தெறித்தன. ஆரோக்கியம் அழைக்க வாயெடுத்தார். சாமி கையமர்த்தினார். அந்த அம்மையார் மும்முறை வீசி முடித்துக் கும்பிடும் வரை காத்திருந்து, அதன் பின்னரே சுவரருகே சென்றார்.

"ஏனுங்க அம்மணி, எந்தூருங்க?"

அம்மையார் திடுக்கிட்டுச் செம்பை மார்போடு அணைத்துக்கொண்டார். "அன்னூருக்கு வடக்காலைங்க சாமி. தப்பாப் போச்சுங்களா? குப்பை ஒண்ணும் போடலீங்க. எள்ளும் தண்ணியுந்தானுங்க."

"தப்பில்லீங்க. நானும் அந்தப் பக்கந்தான். ஆருக்குங்க போட்டீங்க?"

"எம் புள்ளைக்குங்க. பூங்கொடின்னு பேருங்க."

கதையை அவர் சொல்லச் சொல்லச் சாமி கேட்டார். மகள் பஞ்சாலை வேலைக்கு வந்த இடத்தில் விரும்பி மணந்துகொண்டாள். சமயம் மாறினாள், பெயரும் மாறியதாகக் கேள்வி, அந்தப் பெயர் தாயின் வாயில் நுழையவில்லை. அடக்கத்தன்று உறவில் ஒருவரும் துணை வரவில்லை. தாய் மட்டும் பேருந்தேறி வந்தார். பெண்கள் இடுகாட்டுக்குள் கால் வைப்பது அவர்கள் குடும்ப வழக்கம் இல்லை. ஆகவே இதே இடத்தில், இதே சுவருக்கு வெளியே நின்று, குழி மூடப்படுவதைப் பார்த்தார். பின்னர் பேரூர் ஆற்றங்கரையில் திதி கொடுக்கக் கேட்டபோது, கட்டிக்கொடுத்த பெண்ணுக்குக் கணவன் வீட்டார்தாம் கொடுக்க வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டனர். ஆகவே ஆண்டுதோறும் அமாவாசைக்கு எள்ளை முந்தானையில் முடிந்துகொண்டு இங்கே வந்துவிடுகிறார்.

"வாசக்கதவு தொறந்துதான் இருக்குதுங்க. உள்ள வந்து போடுங்க" என்றார் சாமி.

"வேண்டாஞ் சாமி. பொம்பளைங்க காட்டுக்குள்ள வாரதில்லீங்க. எங்க மாமியா அதுக்கு ஒத்துக்க மாட்டாங்க."

"மாமியா இருக்காங்களா?"

"அவிங்க போயி இருவது வருசம் ஆச்சுங்க. அதுக்காக?"

ஆரோக்கியத்தால் சிரிப்பை அடக்க இயலவில்லை, சாமியும் சிரித்துவிட்டார். பின்னர், "சரிங்க, வர வேண்டாம். நிக்கற எடத்துலயே நில்லுங்க" என்றார். வற்புறுத்தவில்லை.

அதுவரை தேவசகாயம் அசையவில்லை. கட்டியிருந்த கைகளை அவர் அவிழ்த்ததைக் கண்டேன். சுவரருகே சென்று, இரு கைகளையும் மேலே நீட்டினார்.

"இங்க குடுங்க ஆத்தா. வீசுனா பாதி கல்லுல விழுகுது. நா உள்ள இருக்கறேன், நா போடறேன்."

அம்மையார் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, செம்பையும் எள் முடிச்சையும் கொடுத்தார். தேவசகாயம் கிளாராவின் மேட்டருகே குந்தினார். "தலைமாட்டுல போடுங்க கண்ணு. அக்கட்டால இல்ல, இக்கட்டால" என்று சுவருக்கு மேலிருந்து குரல் வழிகாட்டியது. இத்தனை ஆண்டுகளாக உள்ளே வாராதவருக்கு, மகள் எப்பக்கம் தலை வைத்துப் படுத்திருக்கிறாள் என்பது தெரிந்திருந்தது. சாமி கல்லறையின் முன் நின்றார். "பூங்கொடி" என்று அழைத்தார். சற்று நிறுத்தி, "கிளாரா" என்றும் அழைத்தார். பின்னர் செபம் சொன்னார். தாய் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

தேவசகாயம் செம்பைத் திருப்பிக் கொடுக்க எழுந்தார். அம்மையார் வாங்கவில்லை.

"பக்கத்துல இருக்கறது ஆருங்க கண்ணு?"

"எங்கப்பனும் அம்மாளும்ங்க. அம்மா ஆடியிலதான் போனாங்க."

"அப்பறம் என்ன, அவிங்களுக்கும் ஒரு கை போடுங்க. பக்கத்தூட்டுக்காரிக்குக் குடுக்காம எம் புள்ள எதையும் தின்ன மாட்டா."

 தேவசகாயம் கருங்கல்லின் தலைமாட்டில் மண்டியிட்டு, எஞ்சிய எள்ளையும் நீரையும் வார்த்தார். அவருடைய தோள்கள் குலுங்கின. சாமி அப்பக்கம் பார்க்காமல், ஆரோக்கியத்திடம் வேறேதோ கேட்பதுபோல் திரும்பிக்கொண்டார். அம்மனிதரை நான் எத்தனையோ முறை வியந்திருக்கிறேன். அவ்வாறு திரும்பிக்கொண்ட கணத்தில் வியந்ததுபோல் என்றும் இல்லை.

பலகையில் நான்காவது வரி அந்த வாரமே எழுதப்பட்டது. பேரவையில் அதை முன்மொழிந்தவர் தேவசகாயம்.

அவ்வாண்டு நவம்பர் இரண்டாம் நாள் மாலையில் வழக்கம்போல் நடந்தோம். கிளாராவின் கல்லறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தேவசகாயத்தின் தமக்கை ஏற்றியது. எள் அடர்ந்து முளைத்திருந்தது. அடுத்த கல்லறையில், விலையுயர்ந்த அந்தக் கருங்கற்களின் இணைப்பில், புதிதாகப் பதித்த சாந்து காய்ந்து விட்டிருந்த விரிசல் வழியே, ஒரு வரிசையாக எள்ளுச் செடிகள் எட்டிப் பார்த்தன. ஆரோக்கியம் பிடுங்கக் குனிந்தார்.

"இருக்கட்டும் ஆரோக்கியம்" என்றார் தேவசகாயம்.

சவரிமுத்துச் சாமி இன்று அதே தோட்டத்தில், குருக்களுக்குரிய வரிசையில் இளைப்பாறுகிறார். அன்னூர் அம்மையார் இறுதி வரை உள்ளே வரவில்லை. தம்மால் இயன்றவரை ஆண்டுதோறும் சுவரருகே வந்தார், உள்ளே நின்று ஒருவர் செம்பை வாங்கிக்கொண்டார். அதன் பின்னர் வேறு சிலர் அந்நாளில் வரத் தொடங்கினர். கலப்பு மணத்தில் மகளையோ உடன்பிறந்தானையோ இங்கே தந்தவர்கள். அவர்களுட் பெரும்பாலோர் வாயில் வழியே வருகின்றனர்.

ஆதலின், புதிய பேரவையினருக்கு என் விடை: அந்த வரி பிழையன்று, புதிய பலகையிலும் அதே இடத்தில் எழுதுங்கள். அடுக்குக் கல்லறைச் சுவரை எழுப்புங்கள். காலத்தின் தேவை அது. ஆனால் அதன் அடிவரை சிமென்டு பூசிவிடாமல், ஒரு சாண் அகலத்துக்கு மண் விடுங்கள். அமாவாசை மாலையில் வாயிலைப் பூட்டுபவர் எவராயினும், பூட்டுவதற்கு முன் ஒருமுறை மேற்குச் சுவர் வரை நடந்து, வெளியே எவரேனும் நிற்கின்றனரா என்று எட்டிப் பார்த்துவிட்டு வரட்டும்.